மிரண்டவரும் மிரட்டியவரும்

'இன்டிமிடேட்' என்னும் வினைச்சொல் பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கில வழக்கில் புகுந்தது. இலத்தீனில் 'திமேரே' என்றால் அஞ்சுதல். 'திமிதுஸ்' என்றால் அச்சமுடையவன். ஒருவனை அச்சமுடையவனாக ஆக்கிவிடுதலே இச்சொல்லின் மூலப்பொருள். நம் தமிழோ இதனை இலக்கணத்திலேயே உணர்த்துகிறது. மாடு மிரள்கிறது, வெருள்கிறது என்பது தன்வினை. மிரட்டுகிறான், வெருட்டுகிறான் என்பது பிறவினை. எனவே மிரண்டவனைக் கண்டால், மிரட்டியவன் யார் என்று கேட்பது நம் கடமையாகிறது.

இக்கேள்வியோடு கண்டிச் சீமையை நோக்குவோம். முதலில் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் தென்னாட்டுத் தொழிலாளர் இம்மலைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் பிறவியிலேயே பயந்தவர்கள், அடங்கிப் போகிறவர்கள் என்னும் பேச்சை நாம் இன்றும் கேட்கிறோம். வரலாறு கூறுவது வேறு. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் சென்ற தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இடமளித்தது. கடனைக் குறித்த 'துண்டு' அவனைத் தோட்டத்தோடு பிணைத்து வைத்தது. அம்முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே, 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை பிறரை அச்சுறுத்துவதைக் குற்றமாக்கியது. நல்லதுதான். ஆயினும், சட்டவிரோதமாக விளைப்பது மட்டுமே அக்கோவையின்படி 'தீங்கு' எனப்படும். சட்டமே திறந்து காட்டிய சிறைக்கதவு தீங்காகுமா? ஆகாது! தொழிலாளி ஓங்கிய கை மிரட்டலாயிற்று; துரை நீட்டிய சட்டம் ஒழுங்காயிற்று.

அவ்வச்சத்தை உதறி எழுந்த காலமும் வந்தது. கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்ட மலைப்பகுதியில் உள்ள முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1940 சனவரி 10ஆம் நாள், பொலிஸ் துப்பாக்கிக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். விசாரணை ஆணைக்குழு அமைந்தது. வேலைநிறுத்தத்தையொட்டித் தொடரப்பட்ட வழக்குகளை ஒத்திவைப்பது பற்றிய தகராறில், மந்திரி சபையே அவ்வாண்டு பதவி துறந்தது. பெயரற்ற கூலிகளாய்க் கருதப்பட்டோரின் போராட்டம் நாட்டின் ஆட்சிப் பீடத்தையே அசைத்தது.

கோவிந்தனின் தோழர்கள் அஞ்சாதவர்களாகப் பிறந்தவர்களல்லர். ஒன்றுசேர்ந்து அச்சத்தை வென்றவர்கள். அச்சம் எவருக்கும் இயல்பன்று, ஊட்டப்படுவது. ஊட்டப்பட்டதைக் கக்கிவிடவும் முடியும். இனி, அடங்கிப் போகும் மக்கள் என்று எவரேனும் எவரைப் பற்றியேனும் கூறினால், நாம் ஒன்றே கேட்போம்: அடக்கியவர் யார்?