சேற்று நிலத்திற்குரிய செடி

நாகபுரியிலும் இந்தூரிலும் குடியேறி வாழும் நம்மவர்க்கு மழைக்காலக் கரிசல் மண்ணின் இயல்பு தெரியும். அடியெடுத்து வைத்தால் காலோடு ஒட்டி வரும். தேங்கிய நீர் எளிதில் வடியாது. அங்கே பூந்தோட்டம் போட்டுச் செடி அழுகினால், மண்ணைக் குறை கூறுகின்றோம். குறை மண்ணிலா, நாம் தேர்ந்த செடியிலா? அமெரிக்க வரலாறு இதற்கோர் விடை தருகின்றது.

அந்நாட்டின் நடுப்பகுதியில் 'பிரெய்ரி' என்னும் புல்வெளி ஒரு காலத்தில் கடல்போற் பரந்து கிடந்தது. அதன் கரிய மண் வார்ப்பிரும்புக் கலப்பையில் அப்பிக்கொண்டு உழவரை வாட்டியது. 1837-இல் ஜான் டீர் என்னும் கொல்லர் மண் ஒட்டாத எஃகுக் கொழு அமைத்தார். பின்னர் ஈர நிலங்களில் சுட்ட களிமண் குழாய்களைப் புதைத்து நீரை வடித்தனர். புல்வெளி விளைநிலமாயிற்று. இல்லினாய் மாநிலத்தில் இன்று சிதையாது எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவே.

மறைந்துவந்த அப்புல்வெளியின் அருமையைத் தோட்டக்கலையில் எடுத்துக்காட்டியோருள் ஒருவர், பிற நாட்டிலிருந்து வந்து குடியேறியவர். 1860-இல் டென்மார்க்கிற் பிறந்த ஜென்ஸ் ஜென்சன், 1884-இல் அமெரிக்கா சென்று, சிகாகோ நகரப் பூங்காக்களில் கூலியாளாய் உழைத்தார். யூனியன் பூங்காவில் அவர் வரிசையுற நட்ட அயல்நாட்டு மலர்ச்செடிகள் வாடி மடிந்தன. 1888-இல் ஊர்ப்புற வெளிகளிலிருந்து காட்டு மலர்ச்செடிகளைக் கொணர்ந்து நட்டார், அவை தழைத்தன. பிற்காலத்தில் கொலம்பஸ் பூங்காவில், புல்வெளி ஆற்றின் சாயலில் நீர்நிலையொன்றையும் அமைத்தார். 1930-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார், உழுது விட்ட நிலத்தையே மீண்டும் புல்வெளியாக்க முற்பட்டனர்.

இன்று அந்நாட்டில் ஈரக் களிமண்ணில் புல்வெளிப் பாத்தி அமைப்போர், மண்ணை மாற்ற முயல்வதில்லை. அதற்கேற்ற செடியையே நாடுகின்றனர். நம் எருக்கின் குடும்பத்தைச் சேர்ந்த சதுப்புநிலப் பாற்செடியும், உயர்ந்து வளரும் சுவிட்ச் புல்லும் அத்தகையன. ஈரத்தில் மண்ணை மிதித்தால் அது இறுகும். ஆதலின் சற்றே உலர்ந்தபின் நடுகின்றனர். உரம் மிகுந்தால் தண்டு நெடிது வளர்ந்து சாயும் என்பதால் அதனையும் தவிர்க்கின்றனர். வேர் ஊன்றும்வரை, முதலிரண்டு மூன்று ஆண்டுகள் களையெடுத்தலே பெரும்பணி.

அச்செடிகளை ஈண்டுத் தருவிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. நாம் குடிபுகுந்த ஊரின் குளக்கரையில், மாரிக்காலத்தில் தானே தழைப்பது எதுவென அவ்வூர் முதியோரைக் கேட்டறிவோம். அதனையே முதலில் நடுவோம். ஜென்சன் கற்றதும் அதுவே.