பாம்பை வரைந்தது யார்?

1904 ஜனவரி 5ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 748,626 என்ற எண்ணில் ஒரு பலகையாட்டத்தைப் பதிவுசெய்தது. அதன் பெயர் 'நிலக்கிழார் ஆட்டம்'. உருவாக்கியவர் எலிசபெத் மேகி. லிஸ்ஸி என்று அழைக்கப்பட்டவர். சுருக்கெழுத்தாளராக வேலைபார்த்துத் தன் சம்பாத்தியத்தில் வாழ்ந்த, அப்போது திருமணம் செய்துகொள்ளாத பெண். 1892இல் கவிதைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டவர். மறு ஆண்டே, தட்டச்சுப்பொறியில் தாள் சிக்காமல் நகர்வதற்கான ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றவர்.

அவர் உருவாக்கிய அந்த ஆட்டத்தைத்தான் உலகம் மோனோபோலி என்று விளையாடிக்கொண்டிருக்கிறது. பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என்று ஊர்ப்பெயர் போட்டு, 'பிசினஸ்' என்ற பெயரில் நம் வீடுகளிலும் கோடை விடுமுறைகளை அது தின்றிருக்கிறது.

சமூக அக்கறையோடு மாணவர்கள் விளையாட்டுகளை வடிவமைப்பது கணினியோடு வந்த புதுப்பழக்கம் என்று கருதப்படுகிறது. உண்மையில் அதற்கு நூறாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் ஒரு பெண் இருக்கிறார். அந்தப் பெண் எப்படி அழிக்கப்பட்டார் என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

மேகி, ஹென்றி ஜார்ஜின் கொள்கையை ஏற்றவர். 1879இல் வெளிவந்த 'முன்னேற்றமும் வறுமையும்' நூலில் ஜார்ஜ் சொன்னது இதுதான்: நிலம் எவருடைய உழைப்பாலும் உண்டானதல்ல; ஊர் வளர்வதால் நிலத்தின் மதிப்பு கூடுகிறது; அந்தக் கூடுதல் ஊருக்கே வரியாக வரவேண்டும். இதைக் கூட்டம் போட்டுச் சொல்வதைவிட ஆடவைத்துச் சொல்வது பலிக்கும் என்று மேகி நம்பினார். பலகையைச் சுற்றி வந்து 'பூமித்தாய்' மூலையைக் கடந்தால் உழைப்புக்குக் கூலியாக 100 டாலர். அந்தக் கூலி, அடுத்தடுத்த கட்டங்களில் வாடகையாகக் கரையும். சீமானின் தோட்டத்தில் கால்வைத்தால் சிறை. இன்னொரு மூலையில் ஏழைகள் விடுதி.

பின்னால் வந்த பதிப்புகளில் இரண்டு விதித்தொகுதிகள் இருந்தன. முதலாவது நாம் அறிந்ததுதான்: ஒருவர் எல்லாவற்றையும் வளைக்கும்வரை, மற்றவர்கள் ஓட்டாண்டியாகும்வரை ஆடுவது. இரண்டாவதில் நிலவாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும். மிகக் குறைந்த பணத்தோடு தொடங்கியவரின் தொகை இரட்டிப்பாகும்போது ஆட்டம் முடியும். அது எல்லோருக்கும் வெற்றி. அதே பலகை, அதே பகடை, அதே மனிதர்கள். விதி மட்டும் வேறு. ஏழ்மை ஒருவருடைய சாமர்த்தியக் குறைவால் வருவதல்ல, விதியால் வருவது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. தமிழில் 'விதி' என்ற ஒரே சொல் தலையெழுத்தையும் குறிக்கும், சட்டத்தையும் குறிக்கும். மேகி முதல் பொருளைத் தள்ளிவிட்டு இரண்டாம் பொருளைக் கையில் எடுத்தவர்.

பெண்ணின் கூலி பற்றியும் அவருக்குத் தீர்மானமான பார்வை இருந்தது. 1906இல் சிகாகோவில் வாரம் 10 டாலர் சம்பளத்தில் வேலைபார்த்தபோது, தன்னை ஓர் 'இளம் அமெரிக்க அடிமைப்பெண்' என்று குறிப்பிட்டு ஏலம் விடுவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார். வேலைசெய்யும் பெண்ணுக்கு மணவாழ்க்கையை விட்டால் வேறு வழியில்லாத நிலையைக் கேலி செய்த விளம்பரம் அது. நாடு முழுவதும் செய்தியானது. தன் 44ஆம் வயதில்தான் அவர் திருமணம் செய்துகொண்டார்.

இனி மாணவர்கள். ஜார்ஜின் கொள்கையைப் பின்பற்றியவர்கள் டெலாவேரில் 1900இல் ஆர்டன் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். அங்கே வசித்த ஸ்காட் நியரிங், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர். இந்த ஆட்டத்தை அவர் தன் மாணவர்களிடம் கொண்டுபோனார். குழந்தைத் தொழிலுக்கு எதிராக ஓயாமல் பேசிவந்த நியரிங்கைப் பல்கலைக்கழகம் 1915இல் வேலையைவிட்டு நீக்கியது. ஆட்டம் மாணவர்களிடம் தங்கிவிட்டது. துணியிலும் எண்ணெய்த்துணியிலும் அவர்கள் பலகையைக் கையால் வரைந்தார்கள், தத்தம் ஊர்த் தெருக்களின் பெயர்களை எழுதினார்கள், விதிகளைத் திருத்தினார்கள். கல்லூரிக்குக் கல்லூரி அது பரவியது. அட்லாண்டிக் சிட்டியின் குவேக்கர் ஆசிரியர்கள் தங்கள் ஊர்த் தெருக்களை அதில் ஏற்றினார்கள். அப்படிக் கைமாறிய வழியில் இரண்டாம் விதித்தொகுதி உதிர்ந்துபோனது. பிறரை ஓட்டாண்டியாக்கும் ருசி நின்றுவிட்டது. மேகியின் பெயரும் உதிர்ந்தது.

வேலையிழந்திருந்த சார்லஸ் டாரோ, நண்பர் ஒருவரின் வீட்டில் இதை ஆடக் கற்று, தன் கண்டுபிடிப்பு என்று பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு 1935இல் விற்றார். மார்வென் கார்டன்ஸ் என்ற இடத்தின் பெயரை அந்த நண்பர் 'மார்வின்' என்று பிழையாக எழுதியிருந்தார். டாரோ அந்தப் பிழையையும் சேர்த்தே பிரதி எடுத்தார். அவர் கோடீஸ்வரரானார். நிறுவனம் மேகியிடமிருந்த காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கியது. விற்பனையில் பங்கு எதுவும் கிடையாது. 1940ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேகி தன் தொழிலை 'ஆட்டங்கள் செய்பவர்' என்று பதிவுசெய்தார். வருமானம் 0. 1948இல் இறந்தார். 1970களில் 'ஆன்டி-மோனோபோலி' என்ற ஆட்டத்தை வெளியிட்ட ரால்ப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியருக்கும் நிறுவனத்துக்கும் இடையே வழக்கு நடந்தது. அவர் தன் தரப்புக்காகச் சான்று தேடியபோதுதான் மேகி வெளிச்சத்துக்கு வந்தார்.

மேகியின் பலகைக்குப் பக்கத்தில் நம் பரமபதத்தை வைத்துப் பார்க்கிறேன். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடும் ஆட்டம். அதுவும் நீதி சொல்லும் ஆட்டம்தான். புண்ணியம் ஏணி, பாவம் பாம்பு. ஆனால் பகடைதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது. பாம்பு எப்போதும் அதே கட்டத்தில் காத்திருக்கிறது. அதை அங்கே வரைந்தது யார் என்ற கேள்விக்குப் பலகையில் இடமில்லை. பொறுத்துக்கொள்ளவும் மறுபடி உருட்டவும்தான் அது பழக்குகிறது.

2006 ஏப்ரலில் இணையத்தில் வெளியான 'டார்ஃபர் இஸ் டையிங்' என்ற கணினி விளையாட்டு இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுநிலை மாணவியாக இருந்த சூசானா ரூயிஸ் தலைமையில் மாணவர் குழு ஒன்று அதை உருவாக்கியது. சூடானின் மேற்கே, போரால் விரட்டப்பட்டவர்களின் முகாம். தண்ணீர் எடுத்துவரக் குடும்பத்தில் ஒருவரை நாம் அனுப்பவேண்டும். வளர்ந்த ஆணைத் தேர்ந்தெடுத்தால் விளையாட்டு மறுக்கிறது: ஆண் போனால் ஜன்ஜவீத் ஆயுதக் குழு கொன்றுவிடும், வேறு ஆளை அனுப்பு என்கிறது. ஆகவே பெண்ணையோ குழந்தையையோதான் அனுப்ப முடியும். சிக்கிக்கொள்ளும் பெண்ணுக்கு என்ன நேரும் என்பதையும் அது மறைப்பதில்லை. இவ்வளவு பெரிய துயரத்தை விளையாட்டாக்கலாமா என்று கண்டித்தவர்கள் உண்டு. அந்தக் கண்டனம் ஒதுக்கத்தக்கதல்ல. ஆனாலும் அந்த ஒரு மறுப்பு, போரில் தண்ணீருக்குப் பெண்ணுடல் எப்படி விலையாகிறது என்பதை விதியாகவே எழுதிக் காட்டிவிடுகிறது.

இந்த வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு என் மாணவிகள் காரணம். சமூக விழிப்புணர்வு விளையாட்டு வடிவமைக்கும் போட்டி ஒன்றுக்காக, எங்கள் தமிழ்த்துறையின் ஐந்து பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து பட்டம்வரை செல்லும் ஒரு பலகையை வரைந்துவந்தார்கள். ஏணிகளில் உதவித்தொகை, விடுதி, இலவசப் பேருந்து. பாம்புகளில் தாய்மாமன் கல்யாணம், நூற்பாலை, அம்மாவின் நோய். எல்லோரும் பாராட்டினார்கள். அவர்களில் ஒருத்தி மட்டும் கேட்டாள்: "அம்மா, பாம்பு தானா வந்தா கடிக்குது? யாரோ அங்க கொண்டாந்து விட்டதுதானே?" அவளுடைய அக்கா, கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் தருகிறோம் என்று சொல்லி மூன்றாண்டுக்கு ஆளெடுக்கும் நூற்பாலை விடுதியில் இருந்துவிட்டு வந்தவள்.

மறுவாரம் பலகை மாறியிருந்தது. ஒவ்வொரு பாம்பின் கீழும் அதனால் ஆதாயம் அடைபவர் யார் என்று எழுதியிருந்தார்கள். தாய்மாமன் கல்யாணத்தின் கீழ், 'நிலம் வெளியே போகாது'. நூற்பாலையின் கீழ், 'குறைந்த கூலிக்கு ஆள்'. அம்மாவின் நோயின் கீழ், 'சமையலுக்கு மகள் இருக்கிறாள், மகனுக்குப் பரீட்சை'. கூடவே ஒரு புதிய விதி: மூன்று காய்கள் ஒரே கட்டத்தில் சேர்ந்தால் ஒரு பாம்பை அழித்துவிடலாம். முந்திக்கொண்டு ஓடுபவள் தனியாகக் கடிபடுவாள். மற்றவர்களுக்காக நின்றால் பாதை எல்லோருக்கும் திறக்கும்.

பரிசு கிடைக்கவில்லை. விதிகள் சிக்கலாக இருக்கின்றன, எதிர்மறையாக இருக்கிறது என்று நடுவர்கள் சொன்னார்களாம். 'தன்னம்பிக்கை' என்ற ஏணி வைத்திருந்த ஆட்டத்துக்குப் பரிசு. எனக்கு வியப்பில்லை. நல்லது செய்யும் விளையாட்டு என்று பாராட்டப்படுபவை பெரும்பாலும் ஆடுபவளைத் திருத்துபவை, விதியைத் தொடாதவை. பெண்ணுக்குத் துணிவு சொல்லிக்கொடுக்க எல்லோரும் தயார். பாம்பை வைத்தவரின் பெயரைச் சொன்னால் மட்டும் ஆட்டம் சிக்கலாகிவிடுகிறது.

அந்தப் பலகை இப்போது துறை நூலகத்தில் இருக்கிறது. முதலாண்டு மாணவிகள் மதிய இடைவேளையில் எடுத்து ஆடுகிறார்கள், தங்கள் ஊர்ப் பாம்புகளை ஒட்டுத்தாளில் எழுதிச் சேர்க்கிறார்கள். பின்பக்கம் ஐந்து பேரின் பெயரும் தேதியும் மையால் எழுதப்பட்டிருக்கின்றன. அதை மட்டும் நான் வற்புறுத்தினேன்.