அணுமின் நிலையப் பாதுகாப்புச் சாதனங்களின் காலமுறை ஆய்வு

விபத்து நேரத்தில் அணுஉலையை நிறுத்தவும், குளிர்விக்கவும், கதிரியக்கம் வெளியேறாமல் அடைத்து வைக்கவும் அமைந்த கருவிகள் வேலை செய்யும் நிலையில் உள்ளனவா என்று, முன்கூட்டி வகுத்த அட்டவணைப்படி சோதிப்பதே காலமுறை ஆய்வு. தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையமும் கூடங்குளம் அணுமின் நிலையமும் இத்தகைய அட்டவணைக்குக் கட்டுப்பட்டவை.

தேவை

டர்பைன் பழுதானால் மின்னுற்பத்தி நிற்கும். பழுது அப்போதே தெரிந்துவிடும். பாதுகாப்புச் சாதனங்கள் அப்படியல்ல. அவசர டீசல் ஜெனரேட்டர், அவசரக் குளிர்விப்புப் பம்ப், அழுத்தம் தணிக்கும் வால்வு போன்றவை ஆண்டுக்கணக்கில் சும்மா நிற்பவை. அவற்றில் ஏற்படும் பழுது யார் கண்ணிலும் படாது. இயக்கிப் பார்த்தால் மட்டுமே அது வெளிவரும்.

உத்தரப் பிரதேசத்தின் நரோராவில் 1993 மார்ச் 31 அன்று டர்பைன் தகடு முறிந்து தீப்பற்றியது. மின்வடங்கள் எரிந்ததால் நிலையம் ஏறத்தாழ 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. டீசலில் ஓடும் தீயணைப்புப் பம்ப்களைக் கொண்டு நீராவிக் கலன்களுக்கு நீர் செலுத்தியே உலை குளிர்விக்கப்பட்டது. அன்று அந்தப் பம்ப்கள் ஓடாமல் போயிருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும்.

வகைகளும் இடைவெளிகளும்

ஆய்வுகள் பொதுவாக இரு வகைப்படும். சாதனத்தை இயக்கிப் பார்ப்பது கண்காணிப்புச் சோதனை. குழாய், கலன், வெல்டிங் இணைப்பு ஆகியவற்றில் விரிசலோ அரிப்போ உள்ளதா என்று மீயொலி முதலிய முறைகளால் பார்ப்பது பணிக்கால ஆய்வு.

அளவுமானிகள் காட்டும் அளவுகளை ஒவ்வொரு ஷிப்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். டீசல் ஜெனரேட்டரை மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது பல நாடுகளில் வழக்கம். பம்ப்களின் நீரோட்டத்தையும் அதிர்வையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளப்பதும் பரவலான நடைமுறை. உலை ஓடும்போது தொட முடியாத வால்வுகளும் குழாய்த் தாங்கிகளும் உலை நிறுத்தப்படும் காலத்துக்காகக் காத்திருக்கும். உலைக்கலனின் வெல்டிங் இணைப்புகளை முழுமையாகப் பார்க்கும் சுற்று பெரும்பாலும் பத்தாண்டு. உலையைச் சுற்றியுள்ள காப்புக் கட்டடத்துக்குள் காற்றழுத்தத்தை ஏற்றி, கசிவு வரம்புக்குள் இருக்கிறதா என்றும் அளப்பார்கள்.

இடைவெளியைத் தீர்மானித்தல்

30 நாளுக்கு ஒருமுறை சோதிக்கப்படும் பம்ப் இடையில் ஏதோ ஒரு நாளில் பழுதானால், அந்தப் பழுது சராசரியாக 15 நாள் மறைந்திருக்கும். சோதனை 90 நாளுக்கு ஒருமுறை என்றால் மறைவுக்காலம் 45 நாளாக உயரும். ஆகவே சோதனை அடிக்கடி நடப்பது நல்லது என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு சோதனையும் சாதனத்தைத் தேய்க்கிறது. டீசல் இயந்திரத்தைக் குளிர்ந்த நிலையிலிருந்து திடீரென முழு வேகத்துக்குக் கொண்டுபோவது அதன் ஆயுளைக் குறைக்கும். சில சோதனைகளின்போது சாதனம் சற்று நேரம் பணியிலிருந்து விலக்கியும் வைக்கப்படுகிறது. மறைந்த பழுதால் வரும் ஆபத்தையும் சோதனையால் வரும் ஆபத்தையும் சேர்த்துப் பார்த்து, கூட்டுத்தொகை மிகக் குறைவாக இருக்கும் இடைவெளியைத் தேர்ந்தெடுப்பதே முறை. இதற்கு நிகழ்தகவு முறைப் பாதுகாப்புப் பகுப்பாய்வு துணைபுரிகிறது.

மாற்றி மாற்றிச் சோதித்தல்

கூடங்குளத்தின் ரஷ்ய வடிவமைப்பு உலைகளில் பாதுகாப்பு அமைப்புகள் நான்கு தனித்தனிப் பிரிவுகளாக உள்ளன. இத்தகைய பிரிவுகளை ஒரே நாளில் சோதிக்காமல் வெவ்வேறு நாட்களில் சோதிப்பது நல்லது. நான்கையும் ஒரே நாளில் பார்த்து முடித்தால், எல்லாவற்றையும் சேர்த்துத் தாக்கும் ஒரு குறை, எடுத்துக்காட்டாகக் கலப்படமான டீசல், அடுத்த மாதம் வரை தெரியாமல் போகலாம். வாரம் ஒன்றாகப் பார்த்தால் ஒரு வாரத்துக்குள் பிடிபட வாய்ப்புண்டு. ஒரே குழு ஒரே தவற்றை நான்கிலும் செய்துவிடும் அபாயமும் இதனால் குறைகிறது.

உலை நிறுத்தக் காலம்

கூடங்குளம் உலைகளை நிறுத்தித்தான் எரிபொருள் மாற்ற முடியும். பெரிய ஆய்வுகள் அந்த நிறுத்தத்தோடு இணைகின்றன. 18 மாதச் சுழற்சிக்கு ஏற்ற எரிபொருள் 2022-இல் வந்துசேர்ந்தது. நிறுத்தங்களுக்கு இடைப்பட்ட காலம் நீளும்போது, அதற்கேற்ப ஒவ்வொரு சோதனையின் இடைவெளியும் பொருந்துகிறதா என்று மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

கல்பாக்கத்தில் உள்ளவை போன்ற கனநீர் உலைகளில் ஓட்டத்திலேயே எரிபொருள் மாற்றப்படுகிறது. எரிபொருளுக்காக நிறுத்த வேண்டியதில்லை என்பதால், ஆய்வுக்கென்றே ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை நிறுத்தம் திட்டமிடப்படுகிறது. இவ்வகையைச் சேர்ந்த, கர்நாடகத்தின் கைகா முதல் உலை 2018 டிசம்பர் 31 வரை 962 நாள் இடைவிடாது ஓடி அன்றைய உலக சாதனை படைத்தது. இவ்வளவு நீண்ட ஓட்டத்தில் ஓடும்போதே செய்யத்தக்க சோதனைகளின் பொறுப்பு பெருகுகிறது.

அட்டவணை தவறும் இடங்கள்

முதலாவது, சோதனைக்குப் பின் சாதனத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமை. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் மூன்று மைல் தீவில் விபத்து தொடங்கியபோது, அவசர நீர்வழங்கல் குழாய்களின் வால்வுகள் மூடியிருந்தன. ஏறத்தாழ இரண்டு நாள் முன்பு நடந்த சோதனையில் மூடப்பட்டுத் திறக்காமல் விடப்பட்டவை அவை எனக் கருதப்படுகிறது. எனவே வால்வுகளை மீண்டும் திறந்ததை இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பதும் சோதனையின் பகுதியே.

இரண்டாவது, தள்ளிப்போடுதல். அமெரிக்க விதிகள் சோதனை இடைவெளியில் 25 விழுக்காடு வரை சலுகைக்காலம் தருகின்றன. அது பணி நெருக்கடிக்கான இடம் மட்டுமே. ஒஹையோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் உலைக்கலன் மூடியை 2001 முடிவதற்குள் ஆராயும்படி ஒழுங்குமுறை அமைப்பு கேட்டது. நிறுவனம் அவகாசம் பெற்று 2002 பிப்ரவரியில்தான் உலையை நிறுத்தியது. மார்ச்சில் பார்த்தபோது, குளிர்விப்பு நீரோடு கசிந்த போரிக் அமிலம் மூடியின் எஃகை ஓரிடத்தில் முழுவதும் அரித்திருந்தது. ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுப் பூச்சு மட்டுமே எஞ்சியிருந்தது.

மூன்றாவது, எதிர்பாராத சிதைவு. குஜராத்தின் காக்ராபார் முதல் உலையில் 2016 மார்ச் 11 அன்று அழுத்தக்குழாய் ஒன்று கசிந்தது. குழாயின் வெளிப்பரப்பில் ஆங்காங்கே உண்டான அரிப்பே காரணம் எனப் பின்னர் தெரியவந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்ற பட்டியலும் அனுபவத்துக்கேற்ப வளர வேண்டும் என்பதை இது காட்டியது.

ஒழுங்குமுறை

இந்தியாவில் 1983 நவம்பர் 15 அன்று நிறுவப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இத்துறையைக் கண்காணிக்கிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் வாரியம் ஒப்புதலளித்த தொழில்நுட்ப வரையறை உண்டு. எந்தச் சாதனத்தை எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும், சோதனையில் தோற்றால் எவ்வளவு நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் உலையை எப்போது நிறுத்த வேண்டும் என்பவை அதில் அடங்கும். இயக்க உரிமம் அதிகபட்சம் ஐந்தாண்டுக்கு வழங்கப்படுகிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை நிலையத்தின் பாதுகாப்பு முழுமையாக மீளாய்வு செய்யப்படுகிறது.

கூடங்குளம் நிலையத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் நிலையம் இயங்க அனுமதித்தபோது, பாதுகாப்பு என்பது வடிவமைப்போடு முடியாத தொடர்பணி என்று கூறியது. இந்திய அணுமின் கழகமும் வாரியமும் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலையத்தை ஆய்வு செய்து, கண்ட குறையை உடனே களைய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நிலையத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கு அந்தத் தீர்ப்பு அளித்த உறுதிகளில் இதுவும் ஒன்று. உற்பத்தி இலக்குக்காக ஆய்வு நாட்களைத் தள்ளிவைக்க யாருக்கும் உரிமை இல்லை.