ஆகாயத்தில் பெட்ரோல் தீர்ந்தால்?



என்னிடம் படித்த ஒருவரின் மகள் விமானி பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். கம்பத்தில் இருக்கும் அவளுடைய அப்பத்தாவுக்கு ஒரே கவலை. "வண்டியில பெட்ரோல் தீர்ந்தா ஓரமா நிப்பாட்டிட்டு கேன்ல வாங்கிட்டு வரலாம். ஆகாசத்துல தீர்ந்துபோனா புள்ள என்ன செய்யும் வாத்தியாரே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டாட்டா விமானத் தபாலின் முதல் நாளிலேயே இந்தக் கவலை இருந்தது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா 'புஸ் மாத்' என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் தபால் மூட்டையுடன் கராச்சியிலிருந்து கிளம்பினார். பம்பாய் வரை ஒரே மூச்சில் வரவில்லை. நடுவே அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே அவருக்கு பெட்ரோல் வந்தது மாட்டு வண்டியில், தகர டின்களில்! பம்பாயிலிருந்து தபாலை எடுத்துக்கொண்டு நெவில் வின்சென்ட் பறந்தார். பெல்லாரியில் தங்கி மறுநாள் சென்னை சேர்ந்தார். வரைபடத்தில் ஊர்களைப் பார்த்து மட்டும் அந்தப் பாதையைப் போட முடியாது. பெட்ரோல் எங்கே காத்திருக்கும் என்று பார்த்துத்தான் போட முடியும்.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1930 மே மாதம், எமி ஜான்சன் என்ற இங்கிலாந்துப் பெண் ஆஸ்திரேலியாவுக்குத் தன்னந்தனியாகப் பறந்தார். சின்னஞ்சிறிய 'ஜிப்சி மாத்' விமானம். கராச்சி தாண்டி அலகாபாத்தை நோக்கி வந்தவருக்கு, ஊர் வருவதற்கு முன்பே பெட்ரோல் குறைந்துவிட்டது. ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். இறக்கை அடிபட்டது. அதைச் சரிசெய்துகொண்டு மறுபடி கிளம்பி, மே 24 அன்று டார்வின் போய்ச் சேர்ந்தார். அலகாபாத்துக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் இன்று அவர் பெயர் வேறு விதமாக நினைவில் இருந்திருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கணக்கு வாத்தியார் எழுதும் பதிவில் கணக்கு இல்லாமல் இருக்குமா?

பைக்கில் நாம் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எண்ணுகிறோம். விமானி அப்படி எண்ணுவதில்லை. மணிக்கு இத்தனை லிட்டர் என்று எண்ணுகிறார். அவருடைய டேங்கில் இருப்பது தூரம் இல்லை, நேரம். காரணம் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்குப் புதிதா? மேற்கு மலையைத் தாண்டி நம் பள்ளத்தாக்கில் இறங்கும் அந்தக் காற்றை நம்பித்தானே ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன?

ஒரு சின்ன விமானத்தின் வேகம் மணிக்கு 160 கி.மீ. போகவேண்டிய தூரம் 120 கி.மீ. காற்று இல்லாத நாளில் போக 45 நிமிடம், வர 45 நிமிடம், ஆக ஒன்றரை மணி நேரம். இப்போது 40 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று அடிக்கிறது. போகும்போது நிகர வேகம் 120, பிடிக்கும் நேரம் ஒரு மணி. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுகிறது. வேகம் 200, நேரம் 36 நிமிடம். மொத்தம் 1 மணி 36 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை! எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அவ்வளவுதான் விஷயம். ஆறு நிமிடம்தானே என்று நினைக்காதீர்கள். தூரம் கூடக்கூட, காற்று கூடக்கூட அதுவும் கூடும்.

அடுத்தது, டேங்கில் இருப்பதெல்லாம் நமக்கு உதவாது. இதைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். பெரியாறு அணையின் நீர்மட்டம் 110 அடி என்று பேப்பரில் போட்டால், 110 அடித் தண்ணீரும் நமக்கு என்று எந்த விவசாயியும் சந்தோஷப்படமாட்டார். 104 அடிக்குக் கீழே இருப்பது சுரங்கத்துக்கு வராது. ஆகவே நம் கணக்கில் ஆறடிதான். விமானத்திலும் அதேதான். பயிற்சிப் பள்ளிகளில் அதிகம் ஓடும் செஸ்னா 152 விமானத்தின் சாதாரண டேங்குகள் சுமார் 98 லிட்டர் பிடிக்கும். பறக்கப் பயன்படுவது சுமார் 92 லிட்டர். மீதி அடியில் தங்கிவிடும்.

சின்ன விமானத்தில் பெட்ரோல் காட்டும் முள்ளை நல்ல விமானி முழுதாக நம்புவதில்லை. புறப்படுவதற்கு முன் இறக்கை மேல் இருக்கும் மூடியைத் திறந்து, குச்சி விட்டு அளந்து பார்ப்பார். சில விமானங்களில் இடது, வலது டேங்குகளை விமானிதான் மாற்றி மாற்றித் திறக்கவேண்டும். மறந்தால் ஒன்று நிறைய இருக்கும்போதே இன்னொன்று வறண்டு எஞ்சின் நின்றுவிடும். வீட்டில் நெல் குதிர் நிறைய இருந்தும் உலை வைக்க மறந்து பட்டினி கிடப்பது போல.

இது சின்ன விமானங்களின் பிரச்சினை மட்டும் என்று நினைக்கவேண்டாம். 1993 நவம்பர் 15 அன்று சென்னையிலிருந்து ஹைதராபாத் போன இந்தியன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ300 விமானம், அங்கே பார்வை தெளிவில்லாததால் இறங்க முடியாமல் மேலே எழுந்தது. இறங்குவதற்காக நீட்டிய 'ஃபிளாப்' என்ற இறக்கைப் பகுதிகள் மறுபடி உள்ளே போகவில்லை. அந்த நிலையிலேயே சென்னைக்குத் திரும்பினார்கள். ஃபிளாப் நீட்டியிருந்தால் விமானம் மெதுவாகத்தான் போகும், எரிபொருளையோ கூடுதலாகக் குடிக்கும். டேங்கில் இருந்தது அதே எரிபொருள்தான். ஆனால் சென்னை எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. கடைசியில் திருப்பதி அருகே வயலில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 262 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

1930-ஐயும் 1993-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. எஞ்சின் நிற்கும் நிமிடத்தில் வருவதில்லை ஆபத்து. காலையில் போட்ட கணக்கு மாறிவிட்டது என்று தெரிந்த பிறகும் பழைய கணக்கையே நம்பிப் போகிறோமே, அப்போதே வந்துவிடுகிறது. அதனால்தான் சட்டமே ஒரு கையிருப்பைக் கட்டாயமாக்குகிறது. அமெரிக்க விதிப்படி, தரையைப் பார்த்து ஓட்டும் சின்ன விமானம் போகுமிடம் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறப்பதற்கு எரிபொருள் இருக்கும்படி திட்டமிட்டுத்தான் கிளம்பவேண்டும். அது நம் வீட்டு விதைநெல் மாதிரி. பஞ்சம் வந்தால்கூடத் தொட யோசிக்கவேண்டும்.

சரி, அப்பத்தாவுக்கு என்ன பதில்? பெட்ரோல் தீர்ந்தால் விமானம் கல் மாதிரி விழாது. காற்றில் சறுக்கிக்கொண்டே இறங்கும். செஸ்னா 152 ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால், காற்றில்லாத நாளில் சுமார் 9 கிலோமீட்டர் சறுக்கும். கீழே சின்னமனூர் வயல்வெளி இருந்தால் பிழைக்க வழி உண்டு. மேகமலைக் காடு இருந்தால் மிகவும் கஷ்டம். அதனால் பிள்ளைகளுக்கு எஞ்சின் நின்றால் எப்படி இறங்குவது என்று பயிற்சி கொடுக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, அந்த நிலைமைக்கே போகாமல் இருக்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். கடிகாரத்தைப் பார்ப்பது, குச்சி விட்டு அளப்பது, சந்தேகம் வந்தால் கையில் எரிபொருள் இருக்கும்போதே பக்கத்து ஊரில் இறங்கிவிடுவது. இறங்கியதற்காக யாராவது கேலி செய்தால் செய்துவிட்டுப் போகட்டும். அப்பத்தா, உங்கள் பேத்தி கணக்கில் கெட்டிக்காரி. தைரியமாக இருங்கள்.

என் மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பயன்படும் பெட்ரோல் 92 லிட்டர். மணிக்கு 23 லிட்டர் செலவு. 45 நிமிடக் கையிருப்பைத் தொடக்கூடாது. விமான வேகம் மணிக்கு 160 கி.மீ., போகும்போது எதிர்க்காற்று மணிக்கு 40 கி.மீ., வரும்போது அதே காற்று பின்னால். அதிகபட்சம் எவ்வளவு தூரம் போய், கிளம்பிய இடத்துக்கே திரும்பலாம்? விடையைக் கீழே எழுதுங்கள். அலகு எழுதாதவர்களுக்கு வழக்கம்போல அரை மதிப்பெண் குறையும்.