தைவான் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை: தாய்மொழியும் தன்னுரிமையும்

1977 ஆகஸ்ட் 16 அன்று, இராணுவச் சட்டத்தின் கீழிருந்த தைவானில், பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை மனித உரிமைப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. தைவானின் எதிர்காலத்தை அங்கு வாழும் மக்களே தீர்மானிக்க வேண்டும். அது புதிய, சுதந்திர நாடாக வேண்டும் என்று அரசை அது வலியுறுத்தியது. சுதந்திரம் என்று பேசினாலே சிறை என்றிருந்த காலம் அது.

மிகச் சிறுபான்மையான ஒரு சபைக்கு இத்துணிவு வந்ததற்கு மொழியே முதற்காரணம் எனலாம். இங்கிலாந்துச் சபை அனுப்பிய மருத்துவர் ஜேம்ஸ் மேக்ஸ்வெல் 1865இல் தெற்கிலும், கனடாவின் ஜார்ஜ் மெக்கே 1872இல் வடக்கிலும் பணி தொடங்கினர். சீன எழுத்துகளைக் கற்கும் வாய்ப்பற்ற எளிய மக்களுக்காகத் தைவானியப் பேச்சுமொழி ரோமன் எழுத்தில் எழுதப்பட்டது. 1885இல் தாமஸ் பார்க்லே தொடங்கிய சபைச் செய்தித்தாள் அவ்வெழுத்திலேயே வெளிவந்தது. தீவின் முதல் அச்சுச் செய்தித்தாள் அதுவே.

1945க்குப் பின் ஆட்சிக்கு வந்த குவோமிந்தாங் கட்சி மாண்டரின் மொழியைத் திணித்தது. தாய்மொழி பேசிய பள்ளி மாணவர்கள் தண்டிக்கப்பட்டனர். 1975இல் தைவானிய மொழி விவிலியங்களும், தொல்குடிகளான தயால் மக்களின் மொழியிலமைந்த விவிலியங்களும் பறிமுதல் செய்யப்பட்டன. அவரவர் தாய்மொழியில் வழிபடும் உரிமையைக் கோரிச் சபை அறிக்கை விடுத்தது.

தொல்குடிகள் இச்சபைக்குப் புறத்தே நின்றவர்கள் அல்லர். ஜப்பானிய ஆட்சி மலைப்பகுதிகளில் மதப்பணியைத் தடைசெய்திருந்தபோது, சி-வாங் என்னும் தொல்குடிப் பெண் காவலர் கண்ணுக்குத் தப்பி மறைவில் போதித்தார். அயல்நாட்டுப் பணியாளர்களின் பெயர்களே எங்கும் முன்னிற்க, இவர் பெயர் குறைவாகவே பேசப்படுகிறது. தொல்குடி மாணவர்களுக்காக 1946இல் யூஷான் இறையியல் கல்லூரி தோன்றியது. அதன் முதல்வராக இருந்த காவ் சுன்-மிங் 1970இல் சபையின் பொதுச்செயலாளரானார்.

1979 டிசம்பர் 10 அன்று காவ்சியுங் நகரில் நடந்த மனித உரிமை நாள் பேரணி ஒடுக்கப்பட்டது. தேடப்பட்ட ஷி மிங்-தே தலைமறைவாக இருக்க உதவியதற்காகக் காவ் கைதாகி, ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நான்காண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தார். அப்போதும் சபை அவரைப் பதவியிலிருந்து நீக்கவில்லை.

இதில் ஒரு முரணும் உண்டு. சபையின் ஹான் இன உறுப்பினர்களுடைய முன்னோர் குடியேறியது தொல்குடிகளின் நிலத்தில்தான். 1988இல் தொடங்கிய நில மீட்புப் போராட்டத்தில் தொல்குடிப் போதகர்கள் முன்னின்றனர். 'மலைத் தோழர்' என்ற அரசு சூட்டிய பெயரை மறுத்து, 'தொல்குடியினர்' என்று தம்மை அழைக்க அவர்கள் கோரினர். 1994இல் அரசமைப்புச் சட்டத்தில் அச்சொல் இடம்பெற்றது. பறிபோன நிலத்துக்கான கோரிக்கை அதன் பின்னும் நீடித்தது.