லுணுகங்கத் தோட்டம்: வரலாறும், முந்தலிலிருந்து சென்று பார்க்கும் முறையும்

லுணுகங்க என்பது தென்னிலங்கையில் பெந்தோட்டைக்கு உட்புறமாக, தெத்துவ வாவிக்குள் நீண்டிருக்கும் மேட்டு நிலத்தில் அமைந்த தோட்டமும் இல்லமும் ஆகும். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) இதை 1948இல் வாங்கினார். அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள், நோயில் விழும்வரை, இதை மாற்றியும் திருத்தியும் வந்தார். இன்று அவர் பெயரிலுள்ள அறக்கட்டளையின் பொறுப்பில் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. சுவரில் படம், படத்தின் கீழே பெயர்ச்சீட்டு என்று எதிர்பார்த்துப் போகிறவருக்கு இங்கே ஏமாற்றமே மிஞ்சும். மண்மேடு, வயல், சாடி, சிலை, வாவி, வீடு எல்லாம் சேர்ந்ததே இங்குள்ள கலைப்பொருள். அதனால் எது எப்போது, எதற்காகச் செய்யப்பட்டது என்று முன்கூட்டி அறிந்துகொள்வது பயண ஆயத்தத்தின் முதல் வேலை.

முந்தல், உடப்பு, சிலாபம் பக்கத்தவருக்குத் தோட்டமும் வளவும் புதியவை அல்ல. புத்தளம் மாவட்டத்தின் தென்பாதி தென்னை முக்கோணத்தின் ஒரு பகுதி. ஆனால் இந்தக் கரையின் தோட்டங்கள் வேறு வழியில் போயின. லுணுவிலையிலுள்ள பண்டிரிப்புவத் தோட்டம் 1929இல் தொடங்கிய தெங்கு ஆராய்ச்சித் திட்டத்தின் இருப்பிடமாகி, இன்றைய தெங்கு ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்தது. கலைக்கூடமாக மாறிய தோட்டத்தைப் பார்க்க வேண்டுமானால் கொழும்பைத் தாண்டித் தெற்கே போகத்தான் வேண்டும்.

அங்கே மண்ணும் மழையும் வேறு. ஒல்லாந்தர் காலத்தில் லுணுகங்கவில் விளைந்தது கறுவா. ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர். கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தில் 1876இல் நடப்பட்ட கன்றுகளோடு இலங்கையில் இறப்பர் தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் களுத்துறை, காலி மாவட்டங்களின் ஈரக் குன்றுகளெல்லாம் இறப்பர்க் காடாயின. கொழும்பில் வழக்காடிப் பொருளீட்டியவர்கள் அந்தக் குன்றுகளில் நிலம் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர் பெஞ்சமின் பாவா. முஸ்லிம், ஐரோப்பியக் கலப்பு வழிவந்த வழக்கறிஞர். மனைவி பர்கர் சமூகத்தவர்.

இவர்களுடைய மூத்த மகன் பெவிஸ் பாவா (1909–1992) முந்திக்கொண்டார். தர்காநகருக்கு உட்புறமாகக் களவில என்ற ஊரிலுள்ள குடும்ப இறப்பர்த் தோட்டத்தில் 1929 முதல் மரங்களை வெட்டிப் பூங்கா அமைக்கத் தொடங்கினார். ஒரு வழக்கின் ஊதியத்தில் தந்தை வாங்கிய நிலம் என்பதால் அதற்கு ‘பிரீஃப்’ என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பெவிஸ் படையதிகாரி, ஆளுநர்கள் நால்வருக்கு மெய்த்துணைவராக (ஏ.டி.சி.) இருந்தவர். அவருடைய வீட்டுக்கு 1950களின் பிற்பகுதியில் ஒரு வாரம் தங்கவென வந்த அவுஸ்திரேலிய ஓவியர் டொனால்ட் ஃப்ரெண்ட் ஐந்தாறு ஆண்டுகள் தங்கிவிட்டார். இலங்கை வாழ்வைக் காட்டும் அவருடைய பெரிய சுவரோவியம் இன்றும் அங்கே உண்டு. பெவிஸ் இறந்தபோது தோட்டத்தைத் தம் பணியாளர்களுக்கே எழுதிவைத்துவிட்டார். ‘தோட்டத்துரை’ என்ற சொல்லோடு வளர்ந்த நாட்டில் இது சின்னச் செய்தி அல்ல.

தம்பி ஜெஃப்ரி கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, லண்டனில் சட்டம் முடித்து, 1946இல் திரும்பியவர். வழக்கறிஞர் தொழில் மனத்துக்கு ஒட்டவில்லை. ஊரூராகச் சுற்றினார், இத்தாலியில் வில்லா ஒன்று வாங்கிக் குடியேறவும் எண்ணினார். அது கைகூடாமல் திரும்பி வந்து, அண்ணன் தோட்டத்துக்கு அருகே லுணுகங்கவை வாங்கினார். நினைத்த மாதிரி தோட்டம் போடத் தமக்குத் தொழில்நுட்ப அறிவு போதவில்லை என்று கண்டுதான் கட்டடக்கலை படிக்கப் போனார். லண்டனில் அவர் பட்டயம் பெற்றது 1957இல், முப்பத்தெட்டாம் வயதில். கண்டலம ஹோட்டலும், 1982இல் திறக்கப்பட்ட கோட்டே நாடாளுமன்றமும், மதுரைக் கோச்சடையில் 1970களில் எழுந்த மதுரை கிளப்பும் இந்தத் தோட்ட ஆசையின் பின்விளைவுகள். அவருடைய நிறுவனப் பங்காளியாகப் பல கட்டடங்களைத் தாங்கி நிறுத்தியவர் பொறியியலாளர் கலாநிதி பூலோகசுந்தரம். பாவாவைப் பற்றிய பேச்சில் அந்தப் பெயர் உரிய அளவு வருவதில்லை.

வாங்கும்போது இருந்தது சாதாரண பங்களாவும் இறப்பர் மரங்களும். பாவா முதலில் வீட்டுக்கு வந்துசேரும் வழியை மாற்றினார். வடக்கே மரங்களை நீக்கி வாவியை வீட்டின் முன் கொண்டுவந்தார். தெற்கே கறுவாக் குன்று பார்வையை மறித்தது. அதன் முகட்டைச் சில அடி தாழ்த்தியதும், வீட்டு முற்றத்திலிருந்தே மறுபுற வாவியும் தொலைவில் ஒரு விகாரையின் வெண்ணிறத் தாதுகோபமும் ஒரே கோட்டில் தெரிந்தன. குன்றின்மேல் ஒரு பெரிய சாடியை வைத்தார். கண் முதலில் சாடியில் தங்கி, பிறகுதான் தாதுகோபத்துக்குப் போகிறது. வீட்டுக்கும் குன்றுக்கும் இடையே ஊர்ப்பாதை போகிறது. ஆனால் அது தாழ்ந்த வெட்டில் ஓடுவதால் நிற்பவர் கண்ணில் படாது. இந்த ஒரு காட்சிக்காகவே போகலாம். யாரும் சொல்லாவிட்டால், இயற்கையாகவே இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டு வந்துவிடுவோம்.

ஈழத்தலரி மரங்களின் கிளைகளில் கல் கட்டித் தொங்கவிட்டு, அவை தரையோடு பரந்து வளரும்படி செய்தார். தோட்டத்தின் பல மூலைகளில் வெவ்வேறு ஒலியுள்ள மணிகள் உண்டு. எந்த மணி ஒலிக்கிறது என்பதை வைத்து, ஐயா எங்கே இருக்கிறார், தேநீரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று பணியாளர் அறிவார்கள். ஐரோப்பியப் பாணிச் சிலைகள், சீனச் சாடிகள், பழைய மரத் தளபாடங்கள் எல்லாம் வீட்டிலும் வெளியிலும் கலந்து கிடக்கின்றன. அழகை மட்டும் பார்த்துவிட்டு வருவது சரியல்ல. குன்றைத் தாழ்த்த மண் சுமந்தவர்கள் அயலூர்க் கூலியாட்கள். புல்லை இத்தனை ஆண்டு தாழ வைத்திருப்பவர்களும் அவர்களே. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் என்று உச்சவரம்பு விதித்தபோது பல வளவுகள் துண்டாயின. லுணுகங்க சுமார் 25 ஏக்கர்தான் என்பதால் அந்த வரம்புக்குள் அடங்கியது.

1998இல் பக்கவாதம் தாக்கியபின் பாவாவால் பேச முடியவில்லை. 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது கிடைத்தது. 2003 மே 27இல் இறந்தார். உடல் கறுவாக் குன்றில் எரியூட்டப்பட்டது. பின்னர் இந்தத் தோட்டத்துக்கு ஒரு வீடே குடிவந்தது. பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகக் கொழும்பு அல்பிரட் பிளேசில் 1960–62இல் பாவா கட்டிய வீட்டின் நிலம் கைமாறியபோது, அதன் கல், ஓடு, மரம் எல்லாவற்றையும் எண்ணிட்டுக் கழற்றி வந்து இங்கே மீண்டும் கட்டினார்கள். நடு முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வீடு அது. நாற்சார் வீட்டில் பிறந்தவர்களுக்குத் தம் பாட்டி வீட்டைத் திருத்திக் கட்டியது போலிருக்கும்.

முந்தலிலிருந்து போவோர் இதை ஒருநாள் பயணமாக எண்ணக் கூடாது. கொழும்புக்குச் சுமார் 100 கிலோமீற்றர். அங்கிருந்து பெந்தோட்டைக்கு மேலும் 60க்குச் சற்று அதிகம். புத்தளம் பாதையில் முந்தலுக்குப் புகையிரத நிலையம் இருந்தாலும் வண்டிகள் குறைவு. நாலாம் இலக்க பஸ்ஸில் கொழும்புக்குப் போய், கோட்டையில் கரையோரப் புகையிரதம் ஏறி அளுத்கமவில் இறங்குவது எளிது. மீதித் தூரத்துக்கு ஆட்டோ. சொந்த வாகனக்காரர்கள் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் வெலிப்பன்னையில் வெளியேறலாம். முதல் நாள் பகலில் பிரீஃப் தோட்டத்தைப் பார்த்துவிட்டு அளுத்கமவில் தங்கி, மறுநாள் காலை லுணுகங்க போவது நல்ல ஒழுங்கு. தர்காநகரிலும் பேருவளையிலும் தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருவாரியாக வாழ்வதால் வழி கேட்கச் சிரமம் இராது. அண்ணனின் தோட்டம் அடர்த்தி, குறும்பு, ஓவியம். தம்பியுடையது வெளி, நீர், தூரம். இந்த வரிசையில் பார்த்தால் வேறுபாடு தானாகப் புரியும்.

லுணுகங்கவுக்கு வழிகாட்டியுடன்தான் உள்ளே விடுவார்கள் என்பதால் முன்பதிவு தேவை. கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை. தமிழில் விளக்கம் வேண்டுமா, படம் எடுக்கலாமா என்பதையும் பதிவின்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மேடும் படியும் அதிகம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களோடு போவோர் இதைச் சொல்லிவைப்பது நல்லது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் பொதுவாகத் தெளிவு. ஆனால் சுற்றுலாப் பயணிகள் பெருகும் காலமும் அதுவே, தங்குமிட விலையும் ஏறும்.

திரும்பும் வழியில் கொழும்பில் அரைநாள் மிஞ்சினால் பார்ன்ஸ் பிளேசிலுள்ள சபுமல் நிறுவனத்துக்குப் போகலாம். 1943இல் கூடிய ‘43 குழு’ ஓவியர்களில் ஒருவரான ஹரி பீரிஸ் (1904–1988) வாழ்ந்த வீடு. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல முதலியோரின் ஓவியங்கள் அங்கே வீட்டுச் சுவர்களிலேயே தொங்குகின்றன. லுணுகங்கவில் கிடைக்காத படங்கள் இவை. சின்ன இடம், ஒன்றரை மணிநேரம் போதும். திறக்கும் நாட்கள் மட்டுப்பட்டவையாதலால், முந்தலில் பஸ் ஏறுமுன்னரே தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.