தீப்பிடித்தால் லிஃப்ட் கூடாது... சரி, படியில் இறங்க முடியாதவர்கள் எப்படி தப்பிப்பது?

'தீ விபத்தின்போது லிஃப்டைப் பயன்படுத்தாதீர்கள், படிக்கட்டில் இறங்குங்கள்.' அபார்ட்மென்ட், ஆபீஸ், மால் என எங்கே போனாலும் லிஃப்ட் பக்கத்தில் இந்த போர்டைப் பார்க்கலாம்.

ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர்? மூட்டுவலியால் நாலு படி இறங்க முடியாத பாட்டி? நிறைமாத கர்ப்பிணி? காலில் மாவுக்கட்டு போட்டவர்? அவர்களுக்கு என்ன வழி?

காத்திருக்கும் இடம்

இவர்களுக்காகக் கட்டடத்திலேயே ஒதுக்கப்படும் பாதுகாப்பான இடம்தான் 'ரெஃப்யூஜ் ஏரியா', அதாவது அடைக்கலப் பகுதி. பெரும்பாலும் படிக்கட்டை ஒட்டியே இருக்கும். தீயும் புகையும் எளிதில் நுழையாதபடி அமைத்திருப்பார்கள். உதவி வரும்வரை இங்கே காத்திருக்கலாம். இந்தியாவின் தேசிய கட்டட விதிகள் 2016-ம் உயரமான கட்டடங்களில் இதை வலியுறுத்துகிறது.

ஆனால் அங்கே ஒருவர் காத்திருப்பது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால், அந்த இடம் இருந்தும் பயனில்லை.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும்?

அதற்காகத்தான் அங்கே சுவரில் பேசும் கருவி ஒன்றைப் பொருத்துகிறார்கள். பட்டனை அழுத்தினால் கீழே கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும். எந்த மாடியிலிருந்து அழைப்பு என்பது பேனலில் விளக்காக எரியும். ரிசீவர் எதையும் கையில் பிடிக்காமலே இரு பக்கமும் பேசலாம்.

மின்சாரம் போனாலும் பேட்டரியில் இயங்கும். ஒயர்களும் தீயைக் குறிப்பிட்ட நேரம் தாங்கக்கூடியவை. உட்கார்ந்தபடியே கை எட்ட வேண்டும் என்பதால், பிரிட்டனில் தரையிலிருந்து 90 முதல் 120 செ.மீ. உயரத்தில் பொருத்துகிறார்கள். காது கேளாதவர்களுக்காக, அழைப்பு போய்ச் சேர்ந்ததை விளக்கு மூலமும் காட்ட வேண்டும் என்கிறது அமெரிக்க விதி.

கையில்தான் செல்போன் இருக்கே?

இருக்கலாம். ஆனால் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே சிக்னல் கிடைக்காமல் போகலாம், சார்ஜ் தீர்ந்திருக்கலாம். போன் எடுப்பவருக்கு உங்கள் கட்டடமே தெரிந்திருக்காது. புகைக்கு நடுவே பதற்றத்தில் முகவரி சொல்வது எல்லோராலும் முடியாது. சுவரில் இருக்கும் கருவிக்கு நீங்கள் எந்த மாடி என்று சொல்லவே தேவையில்லை.

லண்டன் சொன்ன பாடம்

2017 ஜூன் 14 அதிகாலை, லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் டவர் தீப்பிடித்தது. 72 பேர் உயிரிழந்தனர். அங்கு வசித்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் இறந்தார்கள். தானாக இறங்க முடியாதவர்களை எப்படி வெளியேற்றுவது என்ற தனித்திட்டம் அங்கே இல்லை. இது வேண்டும் என்று 2019-ல் விசாரணை ஆணையம் பரிந்துரைத்தது. இங்கிலாந்தில் அதற்கான விதி வந்தது 2025-ல்தான்.

உங்கள் கட்டடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

• ரெஃப்யூஜ் ஏரியா எந்த மாடியில் இருக்கிறது? பூட்டிக் கிடக்கிறதா? பழைய சோபாவும் சைக்கிளும் அடைத்திருக்கிறதா?

• பேசும் கருவி இருந்தால், அது வேலை செய்கிறதா? நள்ளிரவு 2 மணிக்கு அழுத்தினால் எடுக்க ஆள் உண்டா?

• படியில் இறங்க முடியாதவர்கள் யார், எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்ற பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு செக்யூரிட்டியிடம் இருக்கிறதா?

• அவர்களை இறக்கும் எவாகுவேஷன் சேர் இருந்தால், அதை இயக்கப் பழகியவர்கள் யார்?

கருவியே இல்லையா? 101 அல்லது 112-ஐ அழையுங்கள். கட்டடம், பிளாக், மாடி, எத்தனை பேர் என்பதோடு, 'படியில் இறங்க முடியாது' என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். செக்யூரிட்டிக்கும் தகவல் போகட்டும்.

இன்னொன்று. ஃபயர் டிரில் நடக்கும்போது 'நீங்க வீட்லயே இருங்க பாட்டி' என்று சொல்வதுதான் வழக்கம். அடுத்த முறை அவரையும் ரெஃப்யூஜ் ஏரியாவுக்கு அழைத்துப் போங்கள். அந்த பட்டனை அவரே அழுத்திப் பார்க்கட்டும். கீழே யாராவது பதில் சொல்கிறார்களா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.